கட்டிங் மாஸ்டரின் இணைப்புச் சொற்கள்

“சே!” என்றார் கட்டிங் மாஸ்டர், கண்ணாடியைப் பார்த்து.

பின்னால் காபியோடு நின்ற மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. “என் காபியைப் பார்த்தா ‘சே’வா, மாப்பிள்ளை?”

“ஐயோ அத்தை! இத்தாலியன்ல அதுக்கு ‘ஒருவேளை இப்படி இருந்தா’ன்னு அர்த்தம்!”

“அப்ப ஒருவேளை நல்லா இருந்தா குடிப்பீங்க. அப்படித்தானே?”

தோல்பை கம்பெனியில் அவரைப் போலத் தோல் வெட்ட ஆளே கிடையாது. இன்று போனில் நடக்கும் இத்தாலியன் பரீட்சையில் ஜெயித்தால் இத்தாலியில் சூப்பர்வைசர் வேலை. பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இணைப்புச் சொற்கள்தான் மக்கர் செய்தன. வெட்டியே பழகிய மனுஷருக்கு ஒட்டவைக்க வருமா? ஆனாலும் நம்பிக்கைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

“ஏ!” என்று அடுத்ததை எடுத்துவிட்டார்.

பேப்பருக்கு மேலே மாமனாரின் தலை எழும்பியது. “யாரை ‘ஏ’ங்கறீங்க?”

“உங்களை இல்ல மாமா. நீங்களும் நானும்னு சொல்றோமே, அந்த ‘உம்’!”

“நான் உம்முன்னு இருக்கேன்னு குத்திக் காட்டுறீங்களாக்கும்!”

மனைவி ஓடி வந்தாள். “பரீட்சை நேரத்துல எதுக்குங்க வம்பு? நல்லதா ஏதாவது சொல்லுங்களேன்.”

“பெர்கே!” என்றார் பெருமையாக. ‘ஏனென்றால்’ என்று அர்த்தம். கடினமான சொல். பிசிறில்லாமல் வந்துவிட்டது.

“பெருக்கணுமா?” மாமியார் பொங்கிவிட்டார். “காபி போட்டது பத்தாதுன்னு வீட்டை வேற பெருக்கணுமா?”

மாஸ்டர் படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். உடனே போன் மணி அடித்தது. கம்பெனியின் ஹெச்.ஆர். பெண்.

“சார், இத்தாலி மேடம் லைன்ல இருக்காங்க. அவங்க சொல்றதை நான் தமிழ்ல சொல்றேன். நீங்க பேச ஆரம்பிங்க.”

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கையில் துடைப்பத்தோடு மாமியார். பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு மனைவி.

“விடும்மா, நான் பெருக்கறேன்!”

“சே! இப்ப மட்டும் புத்தி வருதாக்கும்! ஓ… புருஷன் சொன்னாத்தான் பெருக்குவியோ? ஏ, இந்தா! பெருக்கேன்! நீயே பெருக்கேம்மா!”

சத்தம் போனில் கேட்காமலிருக்க மாஸ்டர் எதையோ அழுத்தினார். ஸ்பீக்கர் அலறியது. தலையணையால் அமுக்கினார். மாமியார் தலையணையைப் பிடுங்கி, அதன் தூசியைத் தட்டினார்.

போனில் இரண்டு பெண் குரல்கள் இத்தாலியனில் படபடத்தன. இத்தாலி போச்சு.

“சார்,” என்றாள் ஹெச்.ஆர். பெண், “இணைப்புச் சொல்லை இவ்வளவு உணர்ச்சியா, இவ்வளவு சரளமா பேசி மேடம் இதுவரைக்கும் கேட்டதே இல்லையாம். அந்தம்மாகிட்ட பாஸ்போர்ட் இருக்கான்னு கேக்கறாங்க.”