நான் வெட்டிய கூப்பன்

எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை ஒன்பது பேரிடமாவது சொல்லாமல் சோறு இறங்காது. (இப்போதும் அப்படித்தான், கேட்கிற ஆட்கள்தான் இரண்டாகக் குறைந்துவிட்டார்கள்.)

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. போரால் உரும்பிராயில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். மகளின் பரீட்சைக்குப் பதினொரு நாள். அவள் படிக்கிற ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெய் அரை விரற்கடை.

"எண்ணெய் இல்லாமல் வந்திடாதையுங்கோ" என்று மனைவி பங்கீட்டுக் கூப்பன் புத்தகத்தையும் வெறும் போத்தலையும் கையில் தந்தாள்.

கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நான் முப்பத்தேழாவது ஆள். இரண்டு மணி நேரத்தில் மேசையருகே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுச் செல்லையர் அலுப்பில் கேட்டார்: "மாஸ்டர், உந்தக் கூப்பன் எண்ட சொல்லு எங்கையிருந்து வந்தது?"

விடுவேனா?

"அது பிரெஞ்சுச் சொல்லு. 'கூப்பே' எண்டால் வெட்டிறது. வெட்டின துண்டுதான் கூப்பன். துணிக்கடையிலை மிஞ்சின துண்டையும் அவை அப்பிடித்தான் சொல்லுவினம். முந்திக் கடன்பத்திரத்திலை ஒரு துண்டை வெட்டிக் குடுத்துத்தான் வட்டி வாங்கினவை. இங்கிலீஷ்காரன் சொல்லை அப்பிடியே எடுத்து எங்கடை தலையிலை கட்டிப்போட்டான்."

பதினான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். (எண்ணினேன்.) வகுப்பில்கூட எனக்கு அவ்வளவு அமைதி கிடைத்ததில்லை.

"அப்ப வெட்டாட்டி?" என்றார் செல்லையர்.

"வெட்டாட்டி அது வெறும் கடதாசி. பாருங்கோ!"

மேசையில் நூலால் கட்டியிருந்த கத்தரிக்கோலை இழுத்து, அந்த மாதத்து நாலு துண்டுகளையும் கரக் கரக்கென்று வெட்டிக் காட்டினேன்.

கடை முகாமையாளர் நிமிர்ந்தார். "மாஸ்டர், துண்டை நான்தான் வெட்டவேணும். நீங்கள் வெட்டினால் செல்லாது. அட்டையிலை போட்டிருக்கு."

போட்டிருந்தது. புத்தகத்தின் பக்கங்களை மூன்று தரம் எண்ணிய நான் அட்டையை ஒரு தரமும் வாசிக்கவில்லை.

"தம்பி, சொல்லின்ரை அர்த்தமே..."

"அப்ப அந்த அர்த்தத்தை ஊத்தி விளக்கைக் கொளுத்துங்கோ. அடுத்த ஆள்!"

வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் கடைவாசலில் வெறும் போத்தலோடு நின்றேன். செல்லையர் வந்து, தன் போத்தலிலிருந்து ஒரு மூடி எண்ணெயை அதில் ஊற்றினார். "பாடம் நடத்தின கூலி, மாஸ்டர்." பின்னால் வந்தவர்களும் சிரித்துச் சிரித்து ஊற்றினார்கள். பதினான்கு பேரில் பதினொருவர், பதினொரு மூடி. (ஊற்றாத மூவரின் பெயரும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.) நாளுக்கொரு மூடி எரித்து மகள் பாஸ் பண்ணினாள்.

இப்போது அவள் இருப்பது பாரிசில். தொலைபேசி எடுத்தால் முதல் கதை இதுதான்: "அப்பா, இஞ்சை கூப்பனை நாங்களே வெட்டலாம். வாங்கோவன்!"

பக்கத்திலிருந்து மனைவி கத்துவாள்: "நகம் வெட்டவே நான் அவரிட்டைக் கத்தரிக்கோல் குடுக்கிறேல்லை, பிள்ளை!"