அத்தை கேட்ட டீயும் என் டிசைன் கப்பும்

டிசைன் படித்தவனுக்குக் கண் கூர்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கலர் மட்டும்தான் தெரியும். எதிரே நடக்கிற அநியாயம் தெரியாது.

பாகூர் பக்கம் ஒரு கண்காட்சி. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்த கொடுமையை எங்கள் சேரி ஜனங்கள் எதிர்த்து நின்ற வரலாறு. பேர் வைப்பதிலிருந்து, வருகிறவர்கள் எந்த வழியாக நடந்து எங்கே கண் கலங்க வேண்டும் என்பது வரை என் பொறுப்பு. 'ஒரே கிளாஸ்' என்று பேர் வைத்தேன். கதாநாயகி என் சொந்த அத்தை அஞ்சலை. வயசுப் பெண்ணாக அந்தக் கடை முன்னால் நின்று, "அவங்களுக்கு ஊத்துற கிளாசுல எனக்கும் ஊத்து" என்று கேட்டு அடி வாங்கியவள். உள்ளே கால் வைத்ததும் ஸ்பீக்கரில் அவள் குரலே அதைச் சொல்லும்படி செய்தேன். (பெரிய மேதை என்று நினைப்பு!) போதாதென்று பேப்பர் கப்பிலும் 'ஒரே கிளாஸ்' என்று அச்சடித்தேன்.

திறப்பு விழாவில் டீ வந்தது. மேடைக்குப் பீங்கான் கப்பு, சாசர். கீழே உட்கார்ந்திருந்த எங்கள் ஜனங்களுக்கு என் பேப்பர் கப்பு. யாருடைய கதையோ, அவளுக்கே மேடையில் நாற்காலி இல்லை. எல்லாம் விழாக் குழுத் தலைவர் ஏற்பாடு. அந்த மனுஷனுக்குத்தான் உறைக்கவில்லை என்றால் எனக்கும் உறைக்கவில்லை. நான் என் கப்பை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். தூ!

அத்தைக்கு உறைத்தது.

"இன்னாடா இது?"

"நான் போட்ட டிசைன், அத்தே."

"மேல குடிக்கிறாங்களே, அது?"

"அது வி.ஐ.பி.ங்களுக்கு..."

"அப்ப நாங்க யாருடா?"

நேராக டீ ஊற்றுகிறவரிடம் போனாள். "அவங்களுக்கு ஊத்துற கப்புல எனக்கும் ஊத்து."

கூட்டம் கை தட்டியது. சற்று முன் ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல் அல்லவா! நடிக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஆளாளுக்கு செல்போனைத் தூக்கினார்கள். தலைவர் மைக்கிலேயே சொன்னார்: "தம்பி, இன்னா ஐடியாபா! அம்மாவ டெய்லி வரச் சொல்லு!"

நிஜமாகக் கேட்கிறாள், அதைப் போய் நாடகம் என்கிறார்கள்! "நடிப்பு இல்லீங்க!" என்று கத்தினேன். அதற்கும் தட்டினார்கள்.

அத்தை விறுவிறுவென்று மேடையேறினாள். தலைவர் கையிலிருந்த கப்பைப் பிடுங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு சாசரில் வைத்தாள்.

"இப்ப தட்டுங்கடா."

ஒருத்தரும் தட்டவில்லை. அந்தக் கப்பைக் கழுவி மறுபடி டீ ஊற்றிக் கொடுத்தார்கள். தலைவர் வேறு கப்பு கேட்டார். அதை மட்டும் யாரும் செல்போனில் எடுக்கவில்லை.

இன்றைக்கும் கரிக்கலாம்பாக்கத்தில் அத்தை வூட்டுக்குப் போனால் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. மிச்சமிருந்ததையெல்லாம் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டாள். "டிசைனர் வந்துட்டாரு, கப்ப எடுத்தாடி!" என்று மருமகளுக்குக் குரல் கொடுப்பாள். நான் குடித்து முடித்ததும் வூடே கை தட்டும்.