கொரிய டீச்சரின் முழங்கால்

மதிப்புக்குரிய மஞ்சுளா அத்தைக்கு, தின்கன்ஜூனிலிருந்து வனஜா பணிந்து எழுதுவது.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்கும் வேண்டாம். கடைக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவீர்களே, அது வேண்டவே வேண்டாம். போன தடவை எனக்கு அம்மை போட்டதை நீங்கள் வாசித்த பிறகு, உங்கள் கியாக்தான் கோயிலுக்குப் படகு விடுகிறவர்கூட என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். இங்கே அப்பா நலம், அம்மா நலம், கரண்ட் மட்டும் நலமில்லை. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில் தூங்குகிறது.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். முன்னால் நின்று கோல் அடிக்கிற இடம் என்னுடையது. அதே காலையில் அப்பா பழத்தட்டோடு என் கொரிய வகுப்புக்கு வந்து டீச்சரை விழுந்து கும்பிடப் போகிறார். எனக்குக் கொரிய வகுப்பும் கிடையாது, டீச்சரும் கிடையாது. இது தெரிந்தால் அன்றோடு பந்து போச்சு. பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம் என்று ஆகிவிடும்.

எப்படி ஆரம்பித்தது என்றால், மின் சே-ரின் என்று ஒருவர் கொரிய நாட்டுப் பெண்கள் அணியில் முன்வரிசையில் ஆடுகிறார். அவர் கோட்டு போட்டுக்கொண்டு பரிசு வாங்குகிற படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். அப்பாவுக்கு என்னை எப்படியாவது கொரியாவுக்கு வேலைக்கு அனுப்பிவிட வேண்டும், இந்த ஊரில் வைத்திருக்கப் பயம். அது உங்களுக்கே தெரியும். படத்தைப் பார்த்துவிட்டு, "யாரு பாப்பா இது?" என்றார். "கொரியாக்காரங்கப்பா." "டீச்சரா?" நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் டீக்கடை முழுக்க, "விநாயகமூர்த்தி பொண்ணு கொரியா பாஷை படிக்குது" என்று பேச்சு. அதிலிருந்து நான் பந்து பழகப் போகிற சாயங்காலம் எல்லாம் கொரிய வகுப்பு ஆகிவிட்டது. டீச்சர் கம்ப்யூட்டர் திரையில் வந்து பாடம் நடத்துகிறார் என்பதையும் அப்பாவே யோசித்துச் சொன்னார், நான் சொல்லவில்லை.

ஆனால் அத்தை, தினமும் சாப்பிடும்போது, "உங்க டீச்சர் எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? எனக்குப் புதிதாகப் புளுக வராது. அதனால் மின் சே-ரின் வாழ்க்கையையே பந்தை மட்டும் எடுத்துவிட்டுச் சொன்னேன். பதினாறு வயதிலேயே நாட்டுக்காகப் போனார் என்றேன், "அந்த வயசுலயே கவர்மென்ட் வேலையா!" என்று அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் போயிருக்கிறார், முதலில் ஜப்பானில் ஒப்பந்தம், அப்புறம் இங்கிலாந்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்றேன், "கம்பெனி மாறுனாத்தான் மரியாதை" என்றார். இங்கிலாந்தில் முதல் வருஷம் முழுக்க பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு வந்ததே கோபம். "படிச்ச புள்ளைக்கு ஒரு நாற்காலி குடுக்க மாட்டானா வெள்ளைக்காரன்? எங்க தாத்தாவைத் துறைமுகத்துல நிக்கவே வெச்சான், இன்னும் திருந்தல பாரு!" அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் மின் சே-ரினுக்கு வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. நான் அழுதுவிட்டேன். டீச்சர் படிக்கட்டில் விழுந்துவிட்டார் என்றேன். "அந்தப் பொண்ணுக்கு வெந்நீர் வெச்சுக் குடுக்கப் பக்கத்துல யாரு இருக்காங்களோ" என்று அம்மாவும் அழுது, மறுநாளே காளியம்மன் கோயிலுக்குப் போய் வெள்ளியில் செய்த குட்டிக் கால் ஒன்றை உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். சில மாதம் கழித்து மின் சே-ரின் திரும்பி வந்து முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார், அதுவும் இடது காலால். எனக்குச் சந்தேகம் வந்து, எந்தக் கால் போட்டாய் என்று அம்மாவைக் கேட்டேன். "கடையில இடது காலுதான் இருந்துச்சு, ஏன், அம்மனுக்குத் தெரியாதா?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அம்மாவைப் பார்த்தாலே கொஞ்சம் பயம்.

ஆசியக் கோப்பையில் கடைசி பெனால்டியை அவர் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார். கடைசி நேரத்தில் டீச்சர் ஒன்றைத் தவறவிட்டுவிட்டார் என்று சொன்னேன். "ஒரு கேள்விதானே, அதுக்காக அவங்களை யாரும் திட்டப் போறதில்ல" என்று அப்பா என் தலையைத் தடவினார். நிஜமாகவே எனக்கு ஆறுதலாக இருந்தது. பந்து தெரியாத மனுஷர் பந்துக்காக எனக்கு இவ்வளவு ஆறுதல் சொல்கிறாரே என்று நினைத்தால் இன்னும் அழுகை வந்தது.

இப்போது தடிஞ்ஜுட் விளக்குப் பண்டிகை. பர்மாக்காரப் பிள்ளைகள் எல்லாம் அவரவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஸயாமாவுக்குப் பழமும் துணியும் வைத்து விழுந்து கும்பிடுகிறார்கள். நாம் மட்டும் நன்றி கெட்டவர்களா என்கிறார் அப்பா. டீச்சர் இங்கிலாந்தில் இருக்கிறாரே என்றேன். "திரையில வருவாங்கல்ல? திரைக்கு முன்னாடி விழுறேன்" என்கிறார். புது லுங்கி எடுத்தாகிவிட்டது. அம்மா பழத்தைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள்.

அதனால் உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். அப்பா பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். ஞாயிறு விடிவதற்குள் அவரைக் கியாக்தானுக்கு வரச் சொல்லுங்கள். காரணம் நீங்களே பாருங்கள், கால் வலி என்று மட்டும் சொல்லாதீர்கள், அம்மாவும் கிளம்பி வந்துவிடுவாள். எங்கள் கோச் டோ மியா ஸயாமா, நான் வராவிட்டால் வேறொருத்தியை முன்னால் நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு ஓடத்தான் தெரியும், அடிக்கத் தெரியாது. மாமாவுக்கு என் வணக்கத்தையும், கடைப் பூனைக்கு என் அன்பையும், உங்களுக்கு என் நமஸ்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

பி.கு. காலையில் எழுதுகிறேன். தட்டியது அப்பாதான். நான் நினைத்ததுபோல் தூங்கவில்லை, டீக்கடைக்குப் போயிருந்திருக்கிறார். ஜெனரேட்டர் போட்டு டிவியில் மின் சே-ரினின் கடைசி சர்வதேச ஆட்டத்தைக் காட்டியிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது அத்தை. அப்பா என் கட்டிலில் உட்கார்ந்து, "பாப்பா, உங்க டீச்சர் பந்து கூட விளையாடுறாங்கடி! பாடம் நடத்துற நேரம் போக மிச்ச நேரத்துல நாட்டுக்கே விளையாடுறாங்க! நீ என்னடான்னா மெழுகுவர்த்தியில கண்ணைக் கெடுத்துக்கிட்டு எழுதிக்கிட்டே இருக்கே!" என்று திட்டினார். ஞாயிறு வகுப்பு வேண்டாமாம். மைதானத்தில் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்களாம், பழத்தட்டோடு அவர்களைப் பழக்குகிற ஸயாமாவைப் போய்ப் பார்த்து, "ஒண்ணும் தெரியாத பொண்ணு, ஓரமாவாவது சேர்த்துக்குங்க" என்று கேட்கப் போகிறாராம்.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். அப்பாவைக் கூப்பிட வேண்டாம். அதற்குப் பதிலாக, லைங் தாயாவில் கொரியத் தையல் ஃபேக்டரியில் மேஸ்திரியாக இருக்கிறாரே உங்கள் சிநேகிதி மகன் முரளிதரன், அவரை ஞாயிறு சாயங்காலத்துக்குள் என்னிடம் அனுப்புங்கள். ஆட்டம் முடிந்து மின் சே-ரின் மைக்கைப் பிடித்து நெடுநேரம் பேசினாராம். டீக்கடைக்காரர் அதைப் போனில் பிடித்து வைத்திருக்கிறார், நான் வந்து எல்லோருக்கும் அர்த்தம் சொல்வேன் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். பேசும்போது அவர் அழுதாராம். அப்பாவும் அழுதாராம், எதற்கென்று தெரியாமலே. அதையாவது நான் அவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் அத்தை.