பிள்ளையாரும் ஒரு ஜோடி ஷூவும்

மார்டள்ளி மச்சான் முனிராஜ் அவர்களுக்கு, மைசூர் விஜயநகரிலிருந்து தங்கை வீட்டுக்காரன் செந்தில்நாதன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே உங்கள் தங்கையும் நானும் சுகம். கார் மட்டும் வெயிலில் நிற்கிறது. அங்கே மழை எப்படி, மஞ்சள் எப்படி என்று எழுதவும்.

போனில் சொன்னால் லீலா காதில் விழும் என்பதால் இதை உங்கள் ஊர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் மகள் ரூபாவின் பிரசவத்துக்கென்று ஸ்பெயினுக்குப் போய்ப் பத்தியம் சமைக்க வேண்டியவள், ஆட்டம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். ரூபா வீட்டுக்கு எதிரே ஒரு நடன வகுப்பாம், அங்கே பெண்கள் குதிகாலால் தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டால்தான் குழந்தை அழுகையை நிறுத்துமாம், அதனால் தினமும் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றிருக்கிறாள், ஒருநாள் டீச்சரம்மா கையைப் பிடித்து உள்ளே அழைக்க, இவள் நம் வழக்கப்படி செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் நிற்க, அந்தம்மா திருப்பி அனுப்பி ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிட்டாராம். அந்த ஆட்டத்தில் ஷூதான் பேசுமாம்.

வந்த வாரமே ஹாலில் ஆடினாள். கீழே குடியிருக்கும் சௌம்யா மேலே வந்து, "அங்கிள், டைல்ஸ் ஒடைக்கறீங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்குள் ஷூவா என்று நானும் கத்தினேன். மறுநாள் காரை ரோட்டுக்குத் தள்ளிவிட்டு ஷெட்டில் ஆட ஆரம்பித்தாள், தெருவே கூடிவிட்டது. எங்கள் லேஅவுட் சங்கத் தலைவர் நஞ்சுண்டசாமி, பிள்ளையார் விழா மேடையில் ஆடியே தீர வேண்டும் என்றார். "ஷூ இல்லாம ஆடுனா ஊமையாட்டமுங்க, ஷூவோட பிள்ளையார் முன்னாடி ஏற மாட்டேனுங்க" என்றாள் லீலா. அப்பாடா என்று நான் ஒரு காபி குடிப்பதற்குள் அந்த மனுஷன் தன் கன்னடத் தமிழில், "மேடை பேடா மேடம், ரோட்டுல பிளைவுட் போட்டுரலாம். ரோட்டுல ஷூ போடலாம் அல்வா?" என்று முடித்துவிட்டார்.

இதுகூடப் போகட்டும் மச்சான். இது ஜோடி ஆட்டமாம். தொடக் கூடாது, ஆனால் சுற்றி வரும்போதெல்லாம் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்க வேண்டுமாம். "ஏனுங்க, நீங்க வாங்க" என்றாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, முட்டி வலி என்றேன். உடனே நஞ்சுண்டசாமி லேஸ் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நேற்று ஒத்திகையில் அவர் பார்த்த பார்வையில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் லீலா பார்த்தாளே, அப்படி என்னை அவள் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை மச்சான். நீங்கள் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இந்த ஆட்டத்தை நிறுத்தவும்.

அக்கா கமலம்மாளுக்கு என் நமஸ்காரம். மாதேஸ்வரன் புண்ணியத்தில் உங்கள் வீடும் காடும் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
செந்தில்நாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது லீலா வந்து, "முட்டிக்கு மெதுவாவே ஆடலாமுங்க" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் வராமல் இருந்துவிடாதீர்கள், பிளைவுட் நகராமல் பிடிக்க ஆள் வேண்டும். எங்கள் கல்யாணத்தில் உங்கள் அப்பா எனக்கு எடுத்துக் கொடுத்த மாப்பிள்ளை ஷூவை, கடிக்கிறது என்று உங்கள் பரணிலேயே போட்டுவிட்டு வந்தேனே, அதையும் கொண்டு வரவும். கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும்.