ஒரு வருஷம் எரிந்த சூளை

உலகத்துப் போன் கம்பெனிகளையெல்லாம் ஒண்டியாக எதிர்த்து நின்ற ஒரே மனிதர் எங்கள் விருத்தாசலத்துக்காரர். பீங்கான் தொழிற்பேட்டை வாசலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. 'சர்டிபிகேட்டு' என்றுதான் கூப்பிடுவோம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் பேட்டைக்குள் கரண்டு பெட்டிக்கான பீங்கான் பியூஸ் கேரியர் சுடும் சின்னப் பட்டறை ஒன்றை ஆரம்பித்திருந்தேன். எத்தனை மணிக்குச் சூளையில் எவ்வளவு சூடு இருக்க வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று போனே கூவிச் சொல்கிற மாதிரி எனக்காக ஒரு புரோகிராம் எழுதினார். ஆனால் போன் அதை உள்ளே விடவில்லை. இது நம்பகமான புரோகிராம்தான் என்று கம்பெனி கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் வேண்டுமாம்.

"போனு என்னுது, புரோகிராமு என்னுது. எங்கியோ குந்திக்கினு இருக்கிறவன் எதுக்குங்க கையெழுத்து போடணும்?"

டீக்கடையில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி இதைக் கேட்பார். களிமண் இறக்க வந்த லாரி டிரைவரைக்கூட விட்டுவைக்கவில்லை. பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். காலாவதியான சர்டிபிகேட் ஒன்று எங்கிருந்தோ கிடைத்தது. போனின் தேதியை ஒரு வருஷம் பின்னால் தள்ளிவைத்தால் போன் ஏமாந்துவிடும். ஏற்றி முடித்ததும் தேதியைத் திருத்திவிட வேண்டும். எங்கள் சூளைக்காரர் கலியமூர்த்தியின் போனில் ஏற்றிய சந்தோஷத்தில் மனுஷர் அதை மறந்துபோனார்.

மறுநாள் என் முதல் பெரிய ஆர்டர் சூளையில் வெந்துகொண்டிருந்தது. தேதி தப்பாக இருப்பதை மத்தியானம் கவனித்த கலியமூர்த்தி, பொறுப்பாக அதைத் திருத்தினார். அவ்வளவுதான். சூளை ஒரு வருஷமாக எரிகிறது என்று நினைத்துக்கொண்ட புரோகிராம் 'அணை, அணை' என்று அலறியது. அவரும் சரக்கு பாதி வேகும்போதே பயபக்தியோடு அணைத்துவிட்டார்.

வாய்க்கு வந்தபடி சர்டிபிகேட்டைத் திட்டினேன். இதற்குத்தான் கம்பெனிக்காரன் கையெழுத்து கேட்டான் என்றும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. சூளை ஆறியதும் மறுநாள் காலையில் கைக்கடிகாரத்தோடு வந்தார். கடையைப் பூட்டியிருந்தார். மறுபடி பற்றவைத்து, அந்த வெக்கையில் பகல் முழுக்க நின்றார். சரக்கு பெரும்பாலும் தேறிவிட்டது, ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

"என் தப்புக்கு நான் வந்து நிக்கிறேங்க. கையெழுத்து போடுறவன் வந்து நிப்பானா?" என்றார்.



இப்போதும் புதிதாக ஏதாவது புரோகிராம் எழுதி அனுப்புகிறார். இதை எழுதியவர் யாரென்று தெரியாது, ஆபத்து என்று ஒவ்வொரு தடவையும் என் போன் எச்சரிக்கிறது. எனக்குத் தெரியும் என்று அதனிடம் வாய்விட்டே சொல்லிவிட்டு, ஏற்றிக்கொள்கிறேன்.