டயலுக்குப் பின்னால்

"அணைச்சிட்டேளா?" என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து வீட்டுக்காரர் ஸுந்தரராஜன் கேட்டார்.

"அணைச்சிட்டேன் சார்."

ஆனால் பழைய ரேடியோ ரிசீவரின் டயல் எரிந்துகொண்டுதான் இருந்தது. பாழுங்கிணற்றுக்குள் மின்மினி விழுந்ததுபோல் மங்கலான பச்சை. விமல் சுவிட்சை மறுபடி தட்டினான். பச்சை அவனையே பார்த்தது.

அப்பா போன பிறகு ராஜபாளையத்துக் கடைக்கு வந்த முதல் வேலை இது. அப்பாவின் போன்தான் அடித்தது. "செட்டுக்குப் பின்னால ஒட்டியிருக்கிற நம்பர் இதுதானே? டயல் லைட் எரியலை" என்றாள் ஒரு பெண், ஸ்ரீவில்லிபுத்தூர் முகவரியும் சொன்னாள். "நாளைக்கு வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அதற்கு மேல் பேசினால் தனக்கு வேலை தெரியாதது தெரிந்துவிடுமோ என்று பயம்.

"இந்த ஒரு செட்டையாவது ஒழுங்கா முடி" என்றாள் அம்மா. "இல்லேன்னா கடையப் பூட்டிட்டு மில்லுக்குப் போ."

அப்பாவின் தோல்பையை எடுத்துக்கொண்டான். அவருடைய கோடு போட்ட நீலச் சட்டையையும் மாட்டிக்கொண்டான். தனக்கு இல்லாத தைரியம் சட்டைக்காவது இருக்கும் என்று நினைப்பு.

நேற்று, கருகிப்போன பழைய பல்புகளைக் கழற்றி வெள்ளை எல்.இ.டி. வைத்தான். போட்டதும் கூடம் முழுக்கப் பிணவறை வெளிச்சம். "பெருமாளே!" என்று ஸுந்தரராஜனின் மருமகள் அனுக்ரஹா தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"கொஞ்சம் வெள்ளையாப் போச்சு. நாளைக்கு வாரேன் சார்."

"நாளைக்குமா?" என்றபடி ஸுந்தரராஜன் இரண்டடி பின்வாங்கினார்.

இன்று வாசல் நிலையில் புதிதாகத் துளசி மாலை தொங்கியது. வெள்ளை வெளிச்சத்தைப் பச்சையாக்க விமல் டயலுக்குள் பச்சைத் தாளை ஒட்டிக்கொண்டிருக்கும்போது செட்டை நோக்கிக் கோயில் தீர்த்தம் தெளித்தார்கள். பாதி அவன் பிடரியில் விழுந்தது. இருபத்துமூன்று வயதுப் பையனை அந்தப் பெரியவர் 'வாங்கோ, போங்கோ' என்றதும் அவனுக்கு விளங்கவில்லை. இப்போது அணையாத இந்த வெளிச்சம் வேறு.

அவன் குரலைத் தாழ்த்தினான். "சார், இந்த செட்டுல ஏதாச்சும்... இருக்கா?"

ஸுந்தரராஜன் கை கூப்பினார். "நீங்களே கேக்கறேளே!"

அனுக்ரஹா ஓர் இலையில் பால்கோவா வைத்து, அதைக் குடைக்காம்பால் செட்டுப் பக்கமாகத் தள்ளிவிட்டு ஓடினாள். செட்டுக்குள் இருக்கும் அதற்குப் படைக்கிறார்கள் என்று விமலுக்குப் புரிந்தது. வயிறு இரைந்தது. ஆனாலும் தொடவில்லை.

பயத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொரு வயராகச் சோதித்தான். சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிற லைனும் அது திரும்புகிற நியூட்ரலும் மாறிக் கிடந்தன. அணைத்த பிறகும் கசிகிற துளி மின்சாரமே அந்தப் பொடி விளக்குகளுக்குப் போதும். அப்பாடா என்றிருந்தது. ஆனால் இந்த வீட்டார் எதற்கு நடுங்குகிறார்கள்? அதற்கு எந்த வயரும் பதில் சொல்லவில்லை.

"நாளைக்கு வந்து முடிச்சிருதேன் சார்."

தூணுக்குப் பின்னால் யாரோ விசும்பினார்கள்.

மூன்றாம் நாள் வயரை மாற்றினான். வெளிச்சம் துடிக்காமல் இருக்க, கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்தான். கூடத்தை இருட்டாக்கி, செட்டுக்குப் பின்னால் குனிந்து சுவிட்சைப் போட்டான். அருமையான பச்சை. அணைத்தான். பச்சை பட்டென்று போகவில்லை. மூச்சு அடங்குவதுபோல் மெல்ல மெல்ல அடங்கியது. எப்படியிருக்கிறது என்று கேட்க, மறுபடி போட்டுவிட்டு, டயலுக்கு மேலே முகத்தை நீட்டினான்.

அனுக்ரஹா அலறினாள். ஸுந்தரராஜன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தனக்குப் பின்னால் எதைப் பார்த்துவிட்டார்கள் என்று விமல் திரும்பினான். சுவர் நிறைய ஒரு கறுத்த உருவம் அவனோடு சேர்ந்து திரும்பியது. தன் நிழல்தான் என்று புரிவதற்குள் அவனும் அலறியபடி வாசலைத் தாண்டியிருந்தான்.

வெளியே அதைவிட மோசம். தெருவிளக்கின் கீழ் ஏழெட்டுப் பேர், பழைய ரிசீவர்களைப் பிள்ளைகளைப்போல் மார்போடு அணைத்தபடி, சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள். அவனைக் கண்டதும் ஒருவர்கூட நகரவில்லை. ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றினார்.

"ஏலே விமலு! எதுக்குலே இப்படி ஓடியார?"

ராஜபாளையத்தில் அவன் தெருக்காரி பாண்டீஸ்வரி. அவள் இந்த வீட்டில்தான் வேலை பார்க்கிறாள் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. தங்கச்சி வளைகாப்புக்கென்று தேவதானம் போனவள், ஒரு வாரம் கழித்துத் துணிப்பையோடு படியேறிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போகாதீங்கக்கா! செட்டுல பேய் இருக்கு. வீடே நடுங்கிக் கிடக்கு."

"அதுக்குத்தான் பால்கோவாவக்கூடத் தொடலையா நீ? தெருமுனையில அதத்தான் பேசிக்கிட்டு நிக்காவ."

"அது பேய்க்கு வச்சதுக்கா!"

பாண்டீஸ்வரி பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட கோட்டிக்காரா, அந்தப் பேயே நீதாம்லே! ஒங்கப்பன் போன வருசம் செத்தத நாந்தான் இந்தத் தெருவுல சொன்னேன். அது நெனப்பில்லாம அந்த நம்பருக்குப் போனப் போட்டா, அதே சட்ட, அதே மூஞ்சியோட வந்து நிக்கே. செத்த பொறவும் சொன்ன நாளுல வேலைக்கு வார மெக்கானிக்க விட்டுறப்பிடாதுன்னுதான், தெருவே செட்டத் தூக்கிட்டு வந்து நிக்குது!"