ஒரு எஸ் குறையுது

பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக என் மனைவி ஒரு தப்பு செய்தாள். அதுவும் எழுத்தில். அதுவும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஊரார் பிழையை எல்லாம் சிவப்பு மையில் சுழிப்பேன். வீட்டில் என்னைச் சுழிப்பார்கள். அவளோ மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கிறுக்கலையே கண்ணை மூடிக்கொண்டு படிப்பாள். அவளிடம் பிழை பிடிப்பது நடக்கிற காரியமா?

நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அண்ணனும் அண்ணியும் சாப்பிட வருவதாக ஏற்பாடு. என்னென்ன சமையல் என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். சூப், சாதம், மீன். கடைசி வரியில், இனிப்புக்கு வரவேண்டிய சொல்லில் இரண்டு எஸ்ஸுக்குப் பதில் ஒரே ஒரு எஸ்!

சீட்டை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தனியாகச் சொன்னால் வீண். மச்சான் முன்னால் சொல்ல வேண்டும். சபையில் சொல்ல வேண்டும்.

விருந்தில் மீன் வரை முடிந்தது. தொண்டையைக் கனைத்தேன்.

"இந்தச் சீட்டுல ஒரு எஸ் குறையுது."

"எங்க போச்சு மாப்ளே? எஸ்ஸாகிடுச்சா?" என்றார் மச்சான், முள்ளைத் துப்பியபடி.

"சிரிக்காதீங்க மச்சான். ஒரு எஸ் போட்டா டெஸர்ட். பாலைவனம். லத்தீன்லேர்ந்து வந்தது. கைவிடப்பட்ட இடம்னு அர்த்தம். ரெண்டு எஸ் போட்டாத்தான் டிஸர்ட். சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற இனிப்பு. உங்க தங்கச்சி நமக்கு மணலை அள்ளிப் போடப் போறா!"

மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இவ்வளவு கவனமாக என் பேச்சை அவள் கேட்டதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அந்த ரெண்டு எஸ் எங்கிருந்துங்க வந்துச்சு?"

"அது பிரெஞ்சு! பரிமாறினதை எடுக்கிறதுன்னு அர்த்தம். தட்டு, டம்ளர் எல்லாத்தையும் எடுத்து மேசையைச் சுத்தம் பண்ணுவாங்க. அதுக்கப்புறம் வந்ததால இனிப்புக்கும் அதே பேர்."

"அப்ப மேசையைச் சுத்தம் பண்ணாம இனிப்பு வராதா?"

"வரவே வராது!" மேசையை ஓங்கித் தட்டினேன்.

"அண்ணி, பாத்தீங்களா, எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கார்! சரி, எழுந்திரிங்க. எடுங்க."

"என்னது?"

"தட்டை."

சொன்ன வாயை எங்கே கொண்டு வைப்பது? நாலு தட்டு, நாலு டம்ளர், சூப் கிண்ணங்கள், மீன் சட்டி. மச்சான் மட்டும் உதவிக்கு எழுந்தார். "அண்ணா, உக்காரு. அவருக்குத்தான் பிரெஞ்சு தெரியும்" என்று அமர்த்திவிட்டாள்.

மேசையைத் துடைத்துவிட்டு ஆசையாக உட்கார்ந்தேன். கஸ்டர்ட் வந்தது. மஞ்சளாக, தளதளவென்று. மூன்று கிண்ணம்.

"எனக்கு?"

"உங்களுக்குத்தான் ஒரு எஸ் ஆச்சே."

"அது தப்புன்னுதானே இவ்வளவு நேரம் தொண்டை தண்ணி வத்தச் சொன்னேன்?"

"தப்பா? அகராதியைப் பாத்து, தெரிஞ்சுதான் எழுதினேன். அந்த வரி உங்களுக்கு. கைவிடணும்னு நீங்களே சொல்லிட்டீங்க."

"எந்த அகராதி?" குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்க மேசையில இருக்கே, தலையணை மாதிரி. 'டி' பக்கத்துல."

இங்கே உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை எனக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை எக்கச்சக்கம். மனைவிக்குத் தெரிந்தால் இனிப்பு என்ற சொல்லையே வீட்டில் அடித்துவிடுவாள். ஆகவே அந்தத் தாளை மடித்து, இந்த வீட்டில் என்னைத் தவிர யாருமே திறக்காத அந்தத் தடிப் புத்தகத்தில் ஒளித்தேன். எந்தப் பக்கத்தில்? டயாபடீஸ் என்றால் என்ன என்று பார்த்த பக்கத்திலேயே. பாலைவனத்திலிருந்து நாலைந்து தாள்தான் தள்ளி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "மறைச்சா இறங்கிடுமா சர்க்கரை?"

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். பின்னால் கரண்டிகள் கிண்ணத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் காலடி. மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தபடி, கையில் கிண்ணத்தோடு ரகசியமாக உள்ளே வந்தார். ஆண் மனசு ஆணுக்குத்தான் தெரியும்! கண் கலங்கியது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினேன்.

"இதையும் சேத்துக் கழுவிடுங்க மாப்ளே" என்றார்.